பழைய கைப்பேசிக்குப் புதிய பதிவேடு



மென்பொருளைப் புதுப்பித்தால் பழைய கைப்பேசி வேகம் பெறுமா? பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் வினா இது. ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆயினும், கைப்பேசியின் உள்ளே இருக்கும் கோப்பு முறைமையே புதுப்பித்தலின்வழி மாறிய நிகழ்வு உண்மையிலேயே நடந்துள்ளது.

கோப்பு முறைமை என்றால் என்ன? மாணவர்களுக்கு நான் கூறும் விளக்கம் இதுதான். பள்ளி நூலகத்தின் அடுக்குகளில் நூல்கள் இருக்கின்றன. எந்த நூல் எங்கே உள்ளது என்பதைப் பதிவேடு சொல்கிறது. பதிவேடு குழப்பமாக இருந்தால், நூல் கையருகே இருந்தாலும் தேடி அலைய வேண்டியதுதான். கைப்பேசியில் உள்ள படங்களும் பாடல்களும் நூல்கள் என்றால், கோப்பு முறைமையே அந்தப் பதிவேடு.

2017 மார்ச் 27ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 10.3 பதிப்பை வெளியிட்டது. அதுவரை ஐபோன்களில் இருந்தது எச்எஃப்எஸ் பிளஸ் என்னும் முறைமை. அது 1998இல், சுழலும் வன்தட்டுகளின் காலத்தில் பிறந்தது. அதன் இடத்தில் ஃபிளாஷ் நினைவகத்திற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஏபிஎஃப்எஸ் அமர்ந்தது. 2012இல் வெளிவந்த ஐபோன் 5 கூட இம்மாற்றத்தைப் பெற்றது. நூல்களை அடுக்கிலிருந்து இறக்காமல், பதிவேட்டை மட்டும் புதிதாக எழுதிய வேலை அது! அதற்கு முந்தைய புதுப்பித்தல்களின்போதே, பயனர் அறியாமல் ஒத்திகையும் பார்த்திருக்கிறார்கள். புதிய பதிவேட்டை எழுதிச் சரிபார்த்துவிட்டுப் பழையதற்கே திரும்பிவிடுவார்களாம்.

இதனால் வேகம் கூடியதா? சில வேலைகளில் கூடியது. ஒரு கோப்பை நகலெடுக்கும்போது ஏபிஎஃப்எஸ் உள்ளடக்கத்தை மீண்டும் எழுதுவதில்லை. பதிவேட்டில் இன்னொரு வரியை மட்டும் சேர்க்கிறது. ஆனால், பழைய சில்லும் குறைந்த ரேமும் தேய்ந்த மின்கலமும் அப்படியே இருந்தன. அதே 2017 சனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, மின்கலம் மூப்படைந்த சில ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாதிருக்க அவற்றின் உச்ச வேகத்தைக் குறைத்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒரு புதுப்பித்தல் வேகத்தைக் குறைக்கவும் கூடும்.

ஆண்டிராய்டின் கதை வேறு. ஃபிளாஷ் நினைவகத்திற்கு ஏற்ற எஃப்2எஃப்எஸ் முறைமையைச் சாம்சங் நிறுவனம் 2012இல் அறிமுகப்படுத்தியது. ஆனால் எக்ஸ்ட்4 முறைமையில் இயங்கும் கைப்பேசியை அதற்கு மாற்ற, பொதுவாகத் தரவுப் பகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். அதாவது, நூல்களையெல்லாம் வெளியேற்றிய பிறகே புதிய பதிவேடு! பயனரின் படங்களை அழிக்கும் புதுப்பித்தலை எந்த நிறுவனம் அனுப்பத் துணியும்? எனவே, 2018இல் வந்த பிக்சல் 3 போன்ற புதிய கைப்பேசிகளிலேயே அது தொடக்கத்திலிருந்து இடம்பெற்றது.

முறைமையை மாற்றாமலும் வேகத்தை மீட்கலாம். 2013 சூலையில் வந்த ஆண்டிராய்டு 4.3, ட்ரிம் என்னும் வசதியைக் கொண்டுவந்தது. கழிக்கப்பட்ட நூல்களின் இடம் காலியாகிவிட்டது என்று நினைவகச் சில்லுக்கு அறிவிப்பதே அதன் பணி. அவ்வறிவிப்பு இல்லாததால் நாளடைவில் தள்ளாடிய 2012ஆம் ஆண்டு நெக்சஸ் 7 டேப்லெட், அதன்பின் சுறுசுறுப்படைந்தது.

எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தாயார் என்னிடம் கேட்டார்: "சார், இந்த ஆண்டிராய்டு போன்ல அப்டேட் போட்டா வேகமா ஓடுமா? இல்ல, புதுசுதான் வாங்கணுமா? எங்கப்பாவோட கடைசிப் படமெல்லாம் இதிலதான் இருக்கு." கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். சேமிப்பிடத்தில் ஏறக்குறைய எள் விழவும் இடமில்லை! "முதலில் படங்களை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள், அம்மா. பிறகு வேண்டாதவற்றை நீக்கி, மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்" என்றேன். இரண்டு வாரம் கழித்துச் சந்தித்தபோது, "புதுசு மாதிரி இல்ல சார். ஆனா பிள்ளை பாடம் பார்க்க இது போதும்" என்றார். அந்தப் பணம் மகளின் பள்ளிச் சீருடைக்கு ஆயிற்றாம்.

ஆகவே, பழைய கைப்பேசி புதுப்பித்தலால் வேகமான கோப்பு முறைமையைப் பெற முடியும். ஆனால் அது அரிதாகவே நிகழும். பாதுகாப்புக்காகப் புதுப்பியுங்கள், வேகம் கூடினால் அது கூடுதல் பேறு. பதிவேட்டை மாற்றுபவர் எவ்வளவு திறமையானவராயினும், நூல்கள் நம்முடையவை. தொலைந்தால் மீண்டும் வாங்க முடியாத நூல்கள் அவற்றுள் உண்டு. பொத்தானை அழுத்துமுன் நகலெடுத்து வைப்பது நம் கடமை.

மீண்டும் சந்திப்போம்.