கோலப்பொடியில் ஒரு ஊர்

"வில்லேஜ்ல இருந்துதானேப்பா படிக்கவே வெளிய வர்றோம். திரும்ப வில்லேஜைப் பத்திப் படிக்கிறதுக்கு ஒரு காலேஜா?"

ஊரக மேம்பாடு படிக்கிற எல்லோரும் கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு தடவையாவது வாங்கியிருக்கும் கேள்வி இது. பதில் வேணும்னா திண்டுக்கல்லில் மதுரை ரோட்டு டவுன் பஸ்ஸைப் பிடிங்க. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். சேலைக்குப் பேர்போன சின்னாளபட்டி வந்துவிடும். கிழக்கே சிறுமலை. அதன் அடிவாரத்தில் மரங்களுக்கு நடுவே காந்திகிராமம்.

1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய இடம். சௌந்தரம், டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, அதன்பிறகு டாக்டருக்குப் படித்தவர். நினைத்திருந்தால் மதுரையில் சொகுசாக கிளினிக் வைத்திருக்கலாம். இங்கே வந்தார். கிராமிய உயர்கல்வி 1956-ல் ஆரம்பித்தது. 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது.

இங்கே மலையும் ஒரு பாடம்தான். 18 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சிறுமலை. தோட்டத்திலிருந்து ரோட்டுக்குச் சுமை இறக்க இன்னமும் குதிரைதான். ஒருகாலத்தில் மலை முழுக்க மலைவாழை. அசுவினிப்பூச்சி பரப்பிய முடிக்கொத்து நோய் தோட்டம் தோட்டமாகக் காலி செய்துவிட்டது. பிறகு புவிசார் குறியீடெல்லாம் கிடைத்தது. ஆனால், பேப்பரில் பெயர் வந்தால் மட்டும் மரம் குலை தள்ளிவிடுமா என்ன?

சரி, கேம்பஸ் பிளேஸ்மென்ட் தெரியும். வில்லேஜ் பிளேஸ்மென்ட் தெரியுமா பாஸ்? மாணவர்கள் மூட்டை முடிச்சோடு ஒரு கிராமத்தில் போய்த் தங்கி, அந்த ஊரைப் படிப்பது. அப்படிப் போன ஒரு செட்டோடு நானும் ஒட்டிக்கொண்டேன். சமுதாயக் கூடத்தில் படுக்கை, விடிந்தால் கொசுக்கடி பற்றிய கருத்தரங்கு.

காலையில் கோயில் திண்ணைக்கு முன்னால் தரையைக் கூட்டி, ஊர் மேப் போடச் சொன்னார்கள். போட வேண்டியது மாணவர்கள் இல்லை, ஊர்க்காரர்கள். ரோட்டுக்குக் கோலப்பொடி, கண்மாய்க்கு வேப்பிலை, வீட்டுக்குப் புளியங்கொட்டை. பெரியவர்கள் உட்கார்ந்து ஜோராகப் போட்டார்கள். கோயில், ரேஷன் கடை, ஸ்கூல், டீக்கடை, மடை, கலுங்கு... "அம்புட்டுத்தேன், முடிஞ்சுபோச்சு" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார் ஒருவர்.

பெண்கள் எல்லாம் தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வருஷ மாணவி ஒருத்தி கோலப்பொடிக் கிண்ணத்தை ஒரு அப்பத்தா கையில் கொடுத்தாள். "நீங்க போடுங்க அப்பத்தா."

அப்பத்தா குனிந்து, மேப்புக்கு வெளியே ஒரு கோடு இழுத்தது. மெயின் ரோட்டிலிருந்து காலனிக்கு வரும் பாதை. மேப்பில் காலனியே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கை நிறைய புளியங்கொட்டையை அள்ளி வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்தியது. கோட்டின் பாதியில் கரித்துண்டால் கறுப்பாகத் தேய்த்தது. "மில்லு வேன் ரோட்டுலயே எறக்கிவிட்ருவான். பொம்பளப் புள்ளைக ராத்திரி இதுவழியாத்தான் வருதுக. லைட்டு கெடையாது."

"அது சின்ன விஷயம்த்தா" என்றார் கை தட்டியவர்.

"ஒனக்குச் சின்ன விஷயந்தேன். ஒன் வீடு டீக்கடைக்குப் பக்கத்துல இருக்கு."

யாரும் பேசவில்லை. தூணோரம் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். தண்ணி வராத குழாய், மழைக்கு நிரம்பும் ஓடை என மேப் வாசல் வரைக்கும் நீண்டது. 'பங்கேற்பு ஊரக மதிப்பீடு' என்று வகுப்பில் நாக்கு சுளுக்கச் சொல்வது இதைத்தான். பரீட்சைக்கு அதன் டெஃபனிஷனை மனப்பாடம் செய்யலாம். கிண்ணத்தை யார் கையில் கொடுக்கணும்னு மனப்பாடம் செய்ய முடியாது.

மாணவர்கள் மேப்பைச் சார்ட்டில் வரைந்து முடித்ததும் அப்பத்தா கேட்டது: "படத்த எடுத்துக்கிட்டு நீங்க பஸ் ஏறிருவீக. லைட்டு வந்துருமாக்கும்?"

அந்த மாணவிக்கு முகம் வாடிவிட்டது. நியாயமான கேள்விதானே? சர்வே எடுக்க வந்து, ரிப்போர்ட் போட்டு, மார்க் வாங்கிக்கொண்டு போன எத்தனையோ பேரை அந்த ஊர் பார்த்திருக்கும்.

ராத்திரி சமுதாயக் கூடத்தில் இதே பேச்சு. அக்டோபர் 2 கிராம சபை. ஊர் வாக்காளர் யார் வேண்டுமானாலும் எழுந்து கோரிக்கை வைக்கலாம், தீர்மானமாக எழுதச் சொல்லலாம். மாணவர்கள் பேச முடியாது, அது அவர்கள் ஊரில்லை. ஆனால், மனு எழுத உதவலாம். மறுநாள் அதே திண்ணையில் உட்கார்ந்து எழுதினார்கள். எத்தனை கம்பம் வேணும், எத்தனை பேர் மில்லுக்குப் போகிறார்கள் என்று அப்பத்தாதான் கணக்குச் சொன்னது. சார்ட்டின் ஒரிஜினல் ஊரிலேயே இருக்கட்டும், காலேஜுக்கு போட்டோ போதும் என்று முடிவானது.

"சபையில யார் பேசுறது?" என்று கேட்டான் ஒருவன். மில்லுக்குப் போகிற பெண் ஒருத்தி, மனுவை இன்னொரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னாள்.