வேண்டாம் என்னும் சொல்

எங்கள் கரிசல் பூமியில் நித்தியகல்யாணிப் பூவை எந்தப் பெண்ணும் தலையில் சூடுவதில்லை. சுடுகாட்டு மல்லி என்றொரு பெயரும் அதற்கு உண்டு. ஆடு மாடுகள் வாய் வைக்காத செடி. மழை பொய்த்த ஆண்டிலும் வாடாமல் நிற்கும் செடி. விளாத்திகுளம் வட்டாரத்தின் மானாவாரி நிலத்தில் அதைப் பயிராக விதைத்து, இலையையும் வேரையும் காயவைத்து வியாபாரிகளுக்கு விற்றவர்களுள் நானும் ஒருவன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் ஆயினும், அந்த மூட்டைகள் எங்கே போகின்றன, எதற்காகப் போகின்றன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

2019-ஆம் ஆண்டு என் மகள்வயிற்றுப் பேரனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று சென்னை மருத்துவமனையொன்றில் உறுதி செய்தார்கள். அப்போது அவனுக்கு மூன்று வயது. அவன் நரம்பில் ஏற்றிய மருந்துகளுள் ஒன்றின் பெயர் வின்கிறிஸ்டின். அது நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது என்றும், ஒரே ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும் என்றும் ஒரு மருத்துவர் விளக்கியபோது நான் வாயடைத்து நின்றேன்.

சிகிச்சை ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் நடந்தது. கோவில்பட்டி வரை பேருந்து, அங்கிருந்து இரவு ரயில் என்று எத்தனை பயணங்கள்! அந்தக் காலத்தைப் பற்றி நான் விரிவாக எழுதப்போவதில்லை. அதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அந்த நாள்களில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு சொல் காணாமற் போயிற்று. 'வேண்டாம்' என்பதே அந்தச் சொல். ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும் வாரங்களில் பிள்ளைக்கு அடங்காத பசியும் அடங்காத சினமும் வரும். நள்ளிரவில் தோசை கேட்பான்; என் மகள் எழுந்து சுடுவாள். ஊசிக்குக் கை நீட்ட ஒரு பொம்மை, மாத்திரை விழுங்க ஒரு கைப்பேசி விளையாட்டு. நாளை இருப்பானோ மாட்டானோ என்றிருக்கும் பிள்ளையிடம் யார்தான் மறுப்பார்கள்?

2021-இன் இறுதியில் மருந்து நின்றது. ஊரார் வந்து வாழ்த்திப் போனார்கள். நோய் போயிற்று, ஆனால் அது கொண்டுவந்த அச்சம் எங்கள் திண்ணையிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. சற்றே உடல் சுட்டாலும் என் மகளின் முகம் வெளுத்துவிடும். சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். அந்த எச்சரிக்கை சிகிச்சை முடிந்த பின்னும் நெஞ்சில் மணியடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளையோ ஆறு வயதில் தட்டை வீசினான். பள்ளிக்குப் போக மறுத்தான். தன் அக்காளை அடித்தான். அந்தச் சிறுமியின் நிலையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இரண்டரை ஆண்டுகள் தாயைப் பிரிந்து எங்களிடம் வளர்ந்தவள். அடி வாங்கியவளிடமே, "தம்பிதானே, விட்டுக்கொடு" என்று சொன்னவன் நான்.

இந்த நிலையில்தான் குணமடைந்த சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கென்று கைப்பேசி வழியாக ஒரு கூட்டம் தொடங்குவதாக மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஆறு வாரங்கள். உளநல ஆலோசகரான ஓர் இளம்பெண் நடத்துவார். 2020-இல் பெருந்தொற்றின்போது பழகிய வழிமுறைதான். ஒரு மணி நேரப் பேச்சுக்காக இரண்டு இரவுகள் ரயிலில் கழிக்க எந்தக் கிராமத்துக் குடும்பத்தால் முடியும்? முன்பெல்லாம் பரிசோதனைக்குப் போகையில் மருத்துவரிடம் கிடைக்கும் சில நிமிடங்களில் இரத்த அணுக்களைப் பற்றித்தான் பேச முடிந்தது; தட்டை வீசுவதைப் பற்றிப் பேச நேரம் ஏது?

எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டியின் அருகே, மொட்டை மாடியில்தான் அலைவரிசை கிடைக்கும். மருமகன் சரக்கு லாரி ஓட்டுபவர். ஆகவே மகளுக்குத் துணையாக நான் உட்கார்ந்தேன். திரையில் ஐந்து குடும்பங்கள். உப்பளத் தொழிலாளி ஒருவர். ஆடு மேய்க்கும் தாய் ஒருத்தி, பின்னால் மந்தையின் குரலோடு. வேறொரு தாயின் வீட்டில் கைப்பேசி கணவருடையது. அவர் வேலைக்குப் போன நாளில் அவளுடைய முகம் தோன்றாது. படம் உறைந்து நிற்கும். பேச்சு பாதியில் அறுந்துபோகும். ஆயினும், "எங்க வீட்டுலயும் அப்படித்தாங்க" என்று எங்கோ ஓர் ஊரிலிருந்து ஒரு குரல் வந்தபோது, என் மகள் பல மாதங்களுக்குப் பின் சிரித்ததைக் கண்டேன்.

ஆலோசகர் புதுமையாக எதையும் சொல்லவில்லை. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் இடுங்கள். சொன்னதைச் செய்தால் உடனே பாராட்டுங்கள். மறுத்ததைப் பிறகு அழுகைக்காகக் கொடுக்காதீர்கள். இரு பிள்ளைகளுக்கும் ஒரே சட்டம் இருக்கட்டும். நாற்பதாண்டு ஆசிரியனுக்குத் தெரியாதவையா இவை? தெரிந்ததைச் செய்யத் துணிவில்லாமல் இருந்தோம் என்பதே உண்மை.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள். பேரன் அக்காளை அடித்ததற்காக அவனிடமிருந்த கைப்பேசியை என் மகள் வாங்கி வைத்துவிட்டாள். அவன் மூச்சு முட்ட அழுதான். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கொல்லைப்புறம் சென்ற நேரம் பார்த்து, அதை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். திரும்பி வந்தவள் பார்த்தாள். கோபப்படவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்:

"அப்பா, இவன் செத்துப்போயிருவான்னு நினைச்சே இன்னும் வளர்க்கிறீங்க. நான் இவன் வாழப்போறான்னு நினைச்சு வளர்க்கணும்ப்பா."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் அன்பு என்று நான் எண்ணியிருந்ததற்குள் என்ன ஒளிந்திருந்தது என்பதை அவள் எடுத்துக் காட்டிவிட்டாள். ஒவ்வொரு முறை விட்டுக்கொடுத்தபோதும் நான் அவனிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தேன்.

நான்காம் வாரம் ஒரு குடும்பம் வரவில்லை. அவர்களுடைய பெண் குழந்தைக்கு நோய் திரும்பியிருந்தது. எங்கள் அச்சம் வெறும் கற்பனையன்று என்பதை அந்த வெற்றுக் கட்டம் எல்லாருக்கும் உணர்த்தியது. அடுத்த வாரம் அந்தத் தாய் வந்தார். "இனி இவளுக்கு எதையும் மறுக்கக் கூடாது, இல்லீங்களா?" என்று கேட்டார். ஆலோசகர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "திடீரென்று எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்னால், ஏதோ பெரிதாக நடக்கிறது என்று குழந்தை பயந்துவிடும் அம்மா. எப்போதும் தூங்கும் நேரத்தில் தூங்கச் சொல்லுங்கள். நேற்றுப்போல் இன்றும் இருக்கிறது என்பதே அவளுக்கு ஆறுதல்" என்றார். அந்தத் தாய் தலையசைத்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்றும் அங்கே கற்றேன். முடியாமைக்கும் முரண்டுக்கும் உள்ள வேறுபாடு அது. பேரன் எழுத மறுத்ததைச் சோம்பல் என்றே நினைத்திருந்தோம். வின்கிறிஸ்டின் கை கால் நரம்புகளைத் தளரச் செய்யக்கூடும். எழுதுகோலைப் பிடிக்கும் விரல் சீக்கிரம் களைத்துவிடும். முதுகுத்தண்டில் செலுத்தும் மருந்தோ சில பிள்ளைகளின் கவனத்தையும் விரைவையும் குறைத்துவிடுவதுண்டு. அவனைக் காத்த செடியே அவன் விரலையும் தளர்த்தியிருந்தது. பள்ளிக்குச் சென்று ஆசிரியையிடம் பேசினேன்: முன் வரிசையில் இடம், எழுதச் சற்றுக் கூடுதல் நேரம், ஆனால் வீட்டுப்பாடத்திலிருந்து விலக்கு வேண்டாம். திரும்பி வருகையில், என் வகுப்பறையில் சோம்பேறி என்று பெயர் சூட்டப்பட்ட எத்தனையோ முகங்கள் என்னுடன் நடந்து வந்தன. அவர்களுள் எத்தனை பேரின் விரலை நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன்?

கைப்பேசி எல்லாவற்றையும் செய்துவிடாது. சில மருந்துகள் நாளடைவில் இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் அதைச் சோதிக்க நேரில்தான் போக வேண்டும். ரயில் பயணம் இன்னும் உண்டு. செல்வ நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள். உலகமெங்கும் குறைந்தது 60 விழுக்காட்டினரையாவது 2030-க்குள் காப்பாற்ற வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2018-இல் ஒரு முயற்சியைத் தொடங்கியது. அது நிறைவேறினால் எத்தனையோ சிற்றூர்களுக்குப் பிள்ளைகள் திரும்பி வருவார்கள். உயிரோடு வந்தவனை வாழ்வதற்கு ஏற்றவனாக வளர்க்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அந்த வீடுகளில் பேசித் துணை நிற்க ஒருவர் வேண்டும். மொட்டை மாடியில் உறைந்து உறைந்து வரும் முகமாயினும் சரி.

பேரன் இப்போது நான்காம் வகுப்புப் படிக்கிறான். சென்ற வாரம் கண்மாய்க் கரையில் விளையாடப் போக அனுமதி கேட்டான். ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்றாள் தாய். இருட்டிய பின்தான் வந்தான். மறுநாள் விளையாட்டு இல்லை என்று சொல்லிவிட்டாள். அவன் அழுதுகொண்டே திண்ணைக்கு வந்து என் முகத்தைப் பார்த்தான், பழைய வழக்கம். எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆயினும் நான் ஒன்றும் சொல்லவில்லை. நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தேன். சிறிது நேரம் விசும்பிவிட்டு, "நாளன்னைக்குப் போகலாம்ல தாத்தா?" என்று கேட்டான்.

"போகலாம்" என்றேன்.