சாண்டோவும் பொப்பரும் ஒரு பவுடர் டின்னும்

சாண்டோ என்றதும் நம்மில் பலருக்கு எம்.ஜி.ஆர். படங்கள் எடுத்த சின்னப்பா தேவர்தான் ஞாபகம் வரும். அவருடைய பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட அந்தச் சொல் வேறொருவரின் மேடைப் பெயர். 1867இல் பிரஷ்யாவில் பிறந்த இயூஜின் சாண்டோ.

1889இல் லண்டனில் சாம்சன் என்றொரு பலசாலி ஒவ்வொரு இரவும் மேடையில் சவால் விட்டுக்கொண்டிருந்தார். தான் செய்வதைச் செய்து காட்டுபவருக்கு 500 பவுண். கையை மடக்கி, தசையைப் புடைக்க வைத்தே சங்கிலியை அறுப்பார். நவம்பர் மாதம் ஒருநாள் 22 வயது சாண்டோ மேடையேறி அவரைத் தோற்கடித்தார். சாம்சனின் சவால் அன்றோடு சரி.

உயர்தர வகுப்புக்கு அளவையியலும் விஞ்ஞான முறையும் படிப்பிக்கும் நமக்கு, கார்ல் பொப்பரை விளக்க இது நல்ல கதை. வெள்ளை அன்னம், கறுப்பு அன்னம் என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளுக்கும் சலித்துவிட்டது. (நம்ம ஊரில் அன்னத்தைக் கண்டவர் யார்?) என்ன நடந்தால் ஒரு கூற்று பிழையாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால்தான் அது விஞ்ஞானக் கூற்று என்பது 1934இல் பொப்பர் எழுதிய நூலின் சாரம். ‘என்னைப்போல் எவராலும் முடியாது’ என்பது ஒரே ஒரு ஆள் வந்தாலே விழுந்துவிடும் கூற்று. சாம்சன் பெருமைக்காரர்தான். ஆனாலும் விழக்கூடிய இடத்தில் நின்றுதான் பேசினார்.

சாண்டோ பிறகு வியாபாரத்தில் இறங்கினார். ஸ்பிரிங் பூட்டிய டம்பல், தபால் மூலப் பயிற்சி, சஞ்சிகை, கடைசியில் கொக்கோத் தூள்கூட. 1901 செப்டெம்பர் 14ஆம் திகதி லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் பெரிய உடலழகுப் போட்டி வைத்தார். ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கொனன் டொய்லும் அதில் ஒரு நடுவர். மேடையில் நின்ற உடம்புகளைப் பார்த்துச் சனம் நம்பியது. வீட்டில் மாதக்கணக்கில் டம்பலை அமுக்கியும் மெலிந்தே கிடந்தவனை யார் மேடையேற்றப் போகிறார்கள்?

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தசையில் மனதைக் குவித்துச் செய்ய வேண்டும் என்பது சாண்டோ முறையின் முக்கிய நிபந்தனை. உடம்பு தேறினால் முறை சரி. தேறாவிட்டால் நீ மனதைக் குவிக்கவில்லை. குவித்தாயா இல்லையா என்று எந்தத் தராசில் நிறுப்பது? தான் பாரமான எடைகளைத் தூக்கி வளர்த்த உடம்பைக் காட்டித்தான் அவர் சின்ன டம்பல் விற்றார் என்பது வேறு கதை.

அட்லரின் உளவியலில் பொப்பர் கண்ட குறையும் இதுதான். பிள்ளையைத் தண்ணீரில் தள்ளியவனுக்கும் தாழ்வுணர்ச்சி, குதித்துக் காப்பாற்றியவனுக்கும் தாழ்வுணர்ச்சி. எது நடந்தாலும் சரியாகவே இருக்கும் விளக்கம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், நம்ம பிள்ளைகளின் கையில் இருக்கும் பவுடர் டின். வாப்பா கட்டாரிலிருந்து அனுப்பும் காசில் ஒரு மாணவன் மூன்று டின் முடித்துவிட்டான். உடம்பு ஏறவில்லை. கடைக்கார நானாவிடம் கேட்டால், முதல் தடவை “தூக்கம் காணாது”, அடுத்த தடவை “தண்ணி காணாது”, மூன்றாவது தடவை “இன்னும் ஒரு டின் எடுத்துப் பாருங்க தம்பி”. (எந்தக் கடை என்று கொமண்டில் கேட்காதீர்கள், சொல்லமாட்டோம்.) புரதம் உடம்புக்குத் தேவைதான், அதில் நமக்கு வாதமில்லை. ஆனால் அதே காசுக்கு முட்டையும் கடலையும் பருப்பும் எவ்வளவு வரும் என்று வகுப்பில் கணக்குப் போட்டபோது பின்வரிசைகூட அமைதியாகிவிட்டது.

பிள்ளைகளே ஒரு தாளில் எழுதினார்கள்: எத்தனை வாரம், எத்தனை கிலோ, எத்தனை மணி நேரத் தூக்கம். அவ்வளவும் செய்தும் நிறை கூடாவிட்டால் பவுடர் வேலை செய்யவில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

மறுநாள் அவன் தாளைத் திருப்பிக் கொண்டு வந்தான். “நானா சிரிச்சிட்டு, உங்க சேருக்கு வேற வேலை இல்லையான்னு கேட்டார் சேர்.”

கையெழுத்து இடம் வெறுமையாகவே இருக்கிறது. தாள் இப்போது வகுப்பறைச் சுவரில்.