பெட்டியில் எழுதாத கூலி

நிலக்கோட்டை என்றதும் பூ மார்க்கெட்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதே ஊரில், வத்தலக்குண்டு போகிற சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. கார்களுக்கு செட் மாட்டுவது அங்கே தொழில். கொடைக்கானல் சவாரி ஓட்டும் நண்பர் ஒருவர், "ஆன்லைன்ல டச் ஸ்க்ரீன் செட் ஒண்ணு எடுத்திருக்கேன், மாட்டப் போறேன், வாங்க" என்று கூட்டிப்போனார். டாக்ஸிக்கென்றே வாங்கிய அடிப்படை மாடல் டிசையர். செட் இல்லாமலே வந்த வண்டி.

பெட்டி விலை 5,800 ரூபாய். ஒன்பது அங்குலத் திரை, ஆண்ட்ராய்டு 13, 4 ஜிபி ராம், 4x50 வாட் என்று பெட்டி முழுக்க எழுத்து. ஃபிட்டர் அண்ணன் காரைத் தொடவே இல்லை. மேசை மேலிருந்த பழைய பேட்டரியில் செட்டைக் கொடுத்து ஓட விட்டார். தன் போனிலிருந்து நெட் கொடுத்து, செட்டின் உள்விவரம் காட்டும் ஒரு ஆப்பை இறக்கினார். ஆண்ட்ராய்டு 13 என்றால் ஏபிஐ எண் 33 என்று காட்ட வேண்டும். இது 27 என்றது. அது 8.1-க்கு உரிய எண். ராமும் இரண்டுதான்.

"வெளியில எழுத்த மட்டும் மாத்தியிருக்கான் தம்பி. திருப்பி அனுப்பிடுறியா?"

சீசன் தொடங்கிவிட்டது, பாட்டும் மேப்பும் ஓடினால் போதும் என்றார் நண்பர். பெட்டியில் எழுதிய 50 வாட்டும் இதே போன்ற பொய்தான். இந்த விலை செட்டுக்குள் இருக்கும் ஐசி, 12 வோல்ட்டில் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து இருபது வாட் கொடுத்தாலே பெரிது.

பெட்டிக்குள் இருந்தவை வெறும் ஒயர்கள். காரின் டேஷ்போர்டுக்கு ஏற்ற ஃபிரேமும் இல்லை, கம்பெனி சாக்கெட்டில் அப்படியே சொருகும் கப்ளரும் இல்லை. கம்பெனி ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றினால் அரை மணியில் வேலை முடியும். அண்ணன் அதற்கு ஒப்பவில்லை. வாரண்டி போய்விடும், நாளைக்கு ஷார்ட் ஆனால் ஒயரிங் முழுதும் கருகும். மதுரைக்குப் போன் போட்டார். இரண்டும் பஸ் பார்சலில் வந்து சேர மதியமாகிவிட்டது. அதுவரை பேசிக்கொண்டிருந்தோம்.

டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர் அவர். அம்பாசடருக்கு கேசட் டெக், பிறகு மாருதிக்கு சிடி, பிறகு பென் டிரைவ் என்று ஒவ்வொன்றாக மாட்டிக் கற்றிருக்கிறார். "அப்பல்லாம் ஸ்பீக்கருக்கு ஒத்த ஒயர்தான் சார். இன்னொண்ண பாடியில எர்த் பண்ணிருவோம். இப்ப அப்படிப் பண்ணா ஐசி அந்த நிமிஷமே போயிரும்." இன்றைய செட்டில் ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரிலும் ஆம்ப்ளிஃபையர் வேலை செய்கிறது, அது பாடியைத் தொடவே கூடாது. கைக்குப் பழகிப்போனதையே மறந்து பழக வேண்டியிருந்தது என்றார். சீட்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்து வேலை பார்த்ததில் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது.

அவர் கையில் எப்போதும் இருப்பது ஒரு டெஸ்ட் லேம்ப். பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு ஒயர். ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் ஈயம் வைத்துப் பற்றவைத்த தையல் ஊசி. கிளிப்பை பாடியில் மாட்டி, ஊசியை ஒயரின் தோலில் மெல்லக் குத்துகிறார். சாவி போடாமலே பல்பு எரிந்தால் அது நேராக பேட்டரியிலிருந்து வருவது. செட்டின் மஞ்சள் ஒயர் அங்கே சேர வேண்டும். சாவி திருப்பினால் மட்டும் எரிந்தால் அது சிவப்புக்கு. சோம்பலில் இரண்டையும் ஒன்றாக பேட்டரி ஒயரிலேயே முறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்போதும் செட் பாடும், ஆனால் தூங்காது. கொடைக்கானல் குளிரில் இரவு நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாது.

ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் நிறக் கப்ளர் ஒன்று தெரிந்ததும் டெஸ்ட் லேம்ப்பைப் பையில் போட்டுவிட்டார். அது ஏர்பேக் லைன். 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அந்த லைனில் ஊசி குத்தினால், பல்பு இழுக்கும் கரன்ட்டே ஏர்பேக்கை வெடிக்க வைத்துவிடலாம். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் கையை உள்ளே விட்டார்.

ஃபிரேம் மாட்டியது, திருகு முடுக்கியது பற்றியெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. ரிவர்ஸ் கேமரா ஒயரைத்தான் உதவிக்கு இருந்த பையன் டிக்கியின் ரப்பர் குழாய் வழியாக நுழைத்துக் கதவடி வரை கொண்டுவர வெகுநேரம் போராடினான். பொழுது சாய்ந்தபோது வேலை முடிந்தது. கூலி 800 ரூபாய் என்றார் அண்ணன். அவ்வளவு நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர், "என்னண்ணே, வெறும் ஃபிட்டிங்தானே" என்றார்.

அந்த 'வெறும்' எனக்கு உறுத்தியது. ஷென்சென் நகரத்தில் செய்த செட்டுக்கு நம் ஊரில் ஒருவன் ஸ்டிக்கர் ஒட்டுகிறான், இன்னொருவன் ஆண்ட்ராய்டு 13 என்று பொய் எழுதுகிறான், மூன்றாமவன் ஆன்லைனில் கடை விரிக்கிறான். மூவருக்கும் நாம் பேரமில்லாமல் முன்பணம் கட்டுகிறோம். உண்மையைச் சோதித்துச் சொன்னவரிடம் மட்டும் பேரம். முன்பு அண்ணனே சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து செட் எடுத்து விற்றார். 'ஃபிட்டிங் ஃப்ரீ' என்று போர்டு இருந்தது. அது இலவசமல்ல, அவர் கூலி செட் விலைக்குள் ஒளிந்திருந்தது. இன்று செட்டின் லாபத்தை ஆன்லைன் எடுத்துக்கொண்டது. ஃபிட்டிங் இலவசம் என்ற நினைப்பு மட்டும் நம் தலையில் தங்கிவிட்டது. மூன்று மாதத்தில் திரை உறைந்து நின்றால் விற்றவன் 'ஃபிட்டிங் கோளாறு' என்று சொல்லி நழுவுவான். வண்டி மறுபடி இந்தக் கொட்டகைக்குத்தான் வரும். அதைப் பிரித்துப் பார்க்கும் உழைப்புக்கு யாரும் காசு தருவதில்லை. இது அநியாயம். விலை குறைவு என்று நாம் மகிழ்வதில் பாதி, இப்படி ஒருவரின் கூலியிலிருந்து பிடுங்கியது.

நண்பர் கடைசியில் முழுக் கூலியையும் கொடுத்தார். உங்கள் காருக்கு செட் வாங்க நினைத்தால், பணம் கட்டுமுன் வண்டியை ஒரு ஃபிட்டரிடம் காட்டுங்கள். எந்த ஃபிரேம், எந்தக் கப்ளர், எவ்வளவு கூலி என்று கேட்டு, அத்தனையையும் செட் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பட்ஜெட் தாண்டினால் சின்ன செட்டாக எடுங்கள். அவர் கூலியில் கை வைக்காதீர்கள்.