ஏழு நிமிடம், இரண்டு பக்கம்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்கான பயிற்சி விடைத்தாள் திருத்த, அரசுப் பயிற்சி மையங்களுக்கு இப்போது இளைஞர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். பெரும்பாலும் நேர்முகம்வரை போய்க் கடைசிப் பட்டியலில் பெயர் வராதவர்கள். பாடத்தில் ஒருவரும் சோடை இல்லை. திருத்தத் தெரிவதற்குத்தான் நாளாகிறது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அரசின் பயிற்சித் திட்டங்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். சென்னை கிரீன்வேஸ் சாலையில் இருக்கிற அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் 1966 முதல் நடக்கிறது. நுழைவுத் தேர்வு வைத்து 225 பேரைத் தங்கிப் படிக்கவும் 100 பேரைப் பகுதிநேரத்துக்கும் எடுப்பார்கள். நான் முதல்வன் திட்டம் வந்த பிறகு, மதிப்பீட்டுத் தேர்வில் தேறும் 1,000 பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் கிடைக்கிறது. முதல்நிலையைத் தாண்டினால் 25,000 ரூபாய். அந்தப் பணத்தை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். அண்ணா நகரில் நாலு பேர் சேர்ந்து எடுத்த அறையின் வாடகையும் மெஸ் பாக்கியும் அதில்தான் அடைகின்றன. அதிலும் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்புகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் இடமும் சோறும் கிடைத்த உடனே விடை எழுத வந்துவிடாது. ஒருவர் உட்கார்ந்து, எழுதியதை ஒவ்வொரு தாளாகப் படித்தாக வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று எந்த அரசாணையிலும் இருக்காது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். ஐயா என்றுதான் கூப்பிடுவோம். சிவப்பு மையைத் தொடவே மாட்டார். சட்டைப்பையில் நடராஜ் பென்சில் இருக்கும். தாள் கைக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு முழு விடையையும் ஒருமுறை படிப்பார். பிறகு, கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற வாக்கியம் எதுவோ அதன் கீழே ஒரே ஒரு கோடு போடுவார். பெரும்பாலான தாள்களில் அந்தக் கோடு மூன்றாவது பத்தியில் போய்த்தான் விழும். “இதை மேலே தூக்கு, மத்ததெல்லாம் தானா ஒதுங்கும்” என்பார். இந்தியா ஒரு மாபெரும் ஜனநாயக நாடு என்று தொடங்கும் முன்னுரைகளெல்லாம் அப்படித்தான் ஒதுங்கின. மதிப்பெண்ணைக் கடைசிப் பக்க மூலையில் பொடியாக எழுதுவார். ஏன் என்று கேட்டதற்கு, “மார்க்கைப் பார்த்துட்டா நான் எழுதினதை எவன் படிப்பான்?” என்றார்.

இனி நேரக் கணக்கு. பொதுப் பாடத் தாள் நான்கும் தலா 250 மதிப்பெண். முதல் மூன்றிலும் மூன்று மணி நேரத்தில் இருபது கேள்வி. பத்து மதிப்பெண்ணுக்கு 150 சொல், பதினைந்துக்கு 250 சொல். கேள்விக்குக் கீழேயே இரண்டு பக்கமோ மூன்று பக்கமோ இடம் விட்டிருக்கும். சின்னக் கேள்விக்கு ஏழு நிமிடம், பெரியதற்குப் பதினொன்று என்று வைத்தால் சரியாக 180 நிமிடம். யோசிப்பதும் அதற்குள்ளேதான். ஆகவே கடிகாரம் வைக்காமல் எழுதிய தாளைத் திருத்த வாங்காதீர்கள். இன்னொரு பழக்கமும் சொல்கிறேன்: கட்டைப் பிரித்ததும் இருபதாவது கேள்வியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். முதல் நான்கு விடை எல்லோருக்கும் அழகாகத்தான் இருக்கும். கை ஓய்ந்த பிறகு எழுத்து எப்படிச் சாய்கிறது, எந்த இடத்தில் முழு வாக்கியம் நின்று துணுக்கு தொடங்குகிறது என்பதெல்லாம் கடைசிப் பக்கங்களில்தான் தெரியும். முத்து முத்தாக எழுதும் தம்பி ஒருவர் கடைசி நான்கு கேள்வியை எப்போதும் வெற்றாக விட்டுவந்தார். ஒரு வாரம் கடைசியிலிருந்தே எழுதச் சொன்னேன். முதல் கேள்விகள் வெற்றாக நின்றதைப் பார்த்த பிறகுதான், தான் எங்கே நேரத்தைக் கொட்டுகிறோம் என்று பிடிபட்டது.

தமிழில் எழுதுகிறவர்களின் தாளை இன்னும் பொறுமையாகப் பார்க்க வேண்டும். விடை தமிழில் எழுதலாம். கேள்வியோ இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் அச்சாகி வரும். அவர்களுடைய ஏழு நிமிடத்தில் ஒரு நிமிடம் கேள்வியைப் பிடிப்பதிலேயே போய்விடும். அதனால் பயிற்சித் தாளில் விடைக்கு முன்னால், கேட்டது என்ன என்று தமிழில் ஒரு வரி எழுதச் சொல்வேன். அந்த வரி தவறியிருந்தால் விடையைத் திருத்திப் பயனில்லை. கலைச்சொல்லுக்கு மட்டும் ஆங்கிலத்தை அடைப்புக்குறிக்குள் தரத் தேர்வாணையம் இடம் தருகிறது. சிலர் அந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டு வரிக்கு மூன்று அடைப்புக்குறி போடுவார்கள். நான் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, உண்மையில் தேவைப்படுகிற ஒன்றை மட்டும் விடுவேன்.

தென்மாவட்டத் தங்கை ஒருவர் நூறு நாள் வேலைத் திட்டம் பற்றி எழுதிய விடை நினைவிருக்கிறது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம், நோக்கம் எல்லாம் சரி. குறைகள் என்று வரும்போது, ‘செயலாக்கத்தில் குறைபாடுகள் உள்ளன, விழிப்புணர்வு தேவை’ என்று முடித்துவிட்டார். அவருடைய அம்மா அதே வேலைக்குப் போகிறவர். அங்கே என்னதான் நடக்கிறது என்று கேட்டேன். 2023 தொடக்கத்தில் கட்டாயமான கைப்பேசி வருகைப் பதிவைப் பற்றிச் சொன்னார்: ஒரு நாளில் இரண்டு தடவை படம் எடுத்து ஏற்ற வேண்டும், கண்மாய்க்குள் சிக்னல் கிடைக்காது, இரண்டாவது படம் ஏறாவிட்டால் கூலிக்குத் தகராறு.

“இதை ஏம்மா எழுதல?”

“அது எங்க வீட்டு விஷயம் சார்.”

வீட்டு விஷயமாக எழுத வேண்டாம், அம்மாவைக் கொண்டுவர வேண்டாம், நடைமுறையை மட்டும் வை என்றேன். மறுநாள் கொண்டுவந்த வாக்கியம் இது: ‘சிக்னல் இல்லாத பணித்தளங்களில் இருமுறைப் படப்பதிவு உழைத்த நாளையே கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது, அங்கெல்லாம் கைப்பதிவேட்டை மாற்றுச் சான்றாக ஏற்கலாம்.’ குறையும் தீர்வும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. ஐயா இருந்திருந்தால் கோட்டை அங்கேதான் போட்டிருப்பார். ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் இப்படி அறிந்து வைத்திருப்பது ஏராளம். விடைத்தாளில் அதற்கு இடமில்லை என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். கேட்டு வாங்குவது திருத்துகிறவர் வேலை.

தாளை இரண்டு நாளுக்கு மேல் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாம் நாள் எழுதியவருக்கே தன் விடை மறந்துபோகும். உங்கள் குறிப்பு யாருக்கோ எழுதியதுபோல் ஆகிவிடும்.

கடைசியாகத் தகுதித் தாள்கள். இந்திய மொழி ஒன்று, ஆங்கிலம் ஒன்று, தலா 300 மதிப்பெண். 25 விழுக்காடு எடுத்தால் போதும், தரவரிசையில் சேராது என்பதால் யாரும் மதிப்பதில்லை. ஆனால் அதில் தவறினால் மற்றத் தாள்களின் மதிப்பெண் கணக்கிலேயே வராது. ஆங்கில வழியில் படித்து, பத்தாம் வகுப்புக்குப் பிறகு தமிழில் ஒரு பக்கம்கூட எழுதாதவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். பேச்சில் குறையே இருக்காது. பேனாவை எடுத்தால் ‘ற’ வரவேண்டிய இடத்தில் ‘ர’ வரும். மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரை என்றால் நடுவிலிருந்து நான்கு வாக்கியத்தை அப்படியே எடுத்து வைப்பார்கள். மையத்தில் அந்தக் கட்டு மேசை மேசையாகத் தள்ளப்படும். நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.