மாத்திரை போகும் இடம்

ஜூன் 12, 2025, வியாழன். சித்தூர்

அக்காவுக்கு மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் ஆரம்பித்து இன்றோடு ஒரு மாதம். தினம் 20 மில்லிகிராம், ஐந்து வருடம். விழுங்கிவிட்டுக் கேட்டாள்: “ஏண்டி, காலேஜ்ல பாடம் சொல்றியே, இது உள்ளே போய் எங்கேடி உக்காருது?” செல்லின் உட்கருவில், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் என்றேன். விலங்கியல் வகுப்பில் வருடாவருடம் சொல்லும் பதில். உட்கருவுக்குள் எங்கே என்று அவள் கேட்டிருந்தால் திணறியிருப்பேன்.

ஜூன் 14, சனி

ஏர்பேடு ஐசரில் ஆராய்ச்சி செய்யும் பழைய மாணவி சில கட்டுரைகள் அனுப்பியிருந்தாள். தூக்கம் போயிற்று.

இரண்டு மீட்டர் டிஎன்ஏ, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே அகலமுள்ள உட்கருவுக்குள் அடங்குகிறது. கரும்பலகையில் அதை நூல்கண்டாகத்தான் வரைந்துவந்தேன். ஆனால் அங்கே துளிகளும் இருக்கின்றன. 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் டோனி ஹைமனும் கிளிஃபர்ட் பிராங்வினும் ஒரு புழுவின் செல்லில் புரதத் துகள்களைப் பார்த்தார்கள். அவை ஒன்றோடொன்று சேர்ந்தன, வழிந்தன. திரவம் போலவே நடந்துகொண்டன. 2017இல் கீதா நார்லிகரின் குழு, மரபணுக்கள் அடங்கிக் கிடக்கும் பகுதியின் எச்பி1 என்ற புரதமும் துளியாகிறது என்று காட்டியது. அவர் ஐஐடி பம்பாயில் படித்தவர் என்று படித்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். அடுத்த வருடம் ரிச்சர்ட் யங்கின் குழு எதிர்ப்பக்கத்தைக் கண்டது: மரபணுக்களை முழு வேகத்தில் இயக்கும் மெட்1, பிஆர்டி4 புரதங்களும் துளிகளாகத் திரள்கின்றன.

ஜூன் 16, திங்கள். திருப்பதி

அக்காவைச் செக்கப்புக்குக் கூட்டிவந்தேன். முன்பெல்லாம் வேலூருக்குத்தான் ஓடுவோம். இப்போது அலிபிரியிலேயே புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வழியெல்லாம் மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு வெளியே தோத்தாபுரி லாரிகள் வரிசையாக நின்றன.

பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தபோது விளங்கியது. மலைமேல் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் அறைக்கு அறை கதவு உண்டு, சவ்வு மூடிய மைட்டோகாண்ட்ரியா அப்படி. திருமலை பஸ் வந்து நிற்கும் இடத்திலோ கதவும் இல்லை, கயிறும் இல்லை. ஆள் வருகிறார், ஆள் போகிறார், கூட்டம் மட்டும் அங்கேயே நிற்கிறது. சவ்வில்லாத துளி அதுதான்.

ஜூன் 17, செவ்வாய். சித்தூர்

அக்காவின் கேள்விக்குப் பதில் 2020இல் வந்த ஆய்வில் இருக்கிறது. அதுவும் யங்கின் குழு செய்தது. டமாக்சிஃபென் உட்கருவெங்கும் சீராகப் பரவுவதில்லை. மெட்1 துளிக்குள் செறிகிறது. அங்கே இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை வெளியே தள்ளுகிறது. மெட்1 மிகுந்த செல்களில் துளி பெருத்துவிடுகிறது. அதே மருந்து அதற்குள் நீர்த்துப்போய் வேலை செய்ய மறுக்கிறது. இந்த இடத்தை மூன்று தடவை படித்தேன்.

துளியே நோயாவதும் உண்டு. சில ரத்தப் புற்றுகளில் குரோமோசோம் உடைந்து நப்98, ஹாக்ஸா9 என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. அதில் பிறக்கும் கலப்புப் புரதம் துளிகளாகி, தள்ளியிருக்கும் டிஎன்ஏ பகுதிகளை வளைத்து அருகே இழுத்து, புற்றுக்கான மரபணுக்களைக் கிளப்பிவிடுகிறது. 2021இல் வந்த ஆய்வு.

எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. செல்லில் புரதத்தை அளவுக்கு மீறி ஊட்டினால் எதுவும் துளியாகத் தெரியலாம். இயல்பான செல்லில் காண்பது வெறும் திரளாகவும் இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். வகுப்பில் இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஜூன் 18, புதன்

ரசம் தாளித்தபோது அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு எண்ணெய்ச் சொட்டுகளைக் கரண்டி நுனியால் தள்ள, ஒன்றாயின. “இந்த மாதிரி ஒரு சொட்டுலதான்க்கா உன் மாத்திரை போய்ச் சேருது. ஆனா அது எண்ணெய் இல்லை, புரதம்.”

வெகுநேரம் ரசத்தையே பார்த்தாள். “எனக்கு அந்தச் சொட்டு பெருசா, சின்னதா?”

அதை அளந்து சொல்லும் பரிசோதனை ஆஸ்பத்திரிகளில் இன்னும் வரவில்லை என்றேன்.

“வரட்டும்” என்று அடுப்பைச் சிறிதாக்கினாள். ராத்திரி சாப்பிட்டதும் நான் ஞாபகப்படுத்தும் முன்பே மாத்திரை போட்டுக்கொண்டாள்.