வெயிலுக்கு எத்தனை மார்க்?

அப்பா முப்பத்திரண்டு வருஷம் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஷிஃப்ட் முடிந்து வரும்போது சட்டை முழுக்கப் பஞ்சும் வேர்வையுமாக இருக்கும். சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன், "மில்லுக்குள்ள ஏசி உண்டாப்பா?"

"ஏசி மாதிரி ஒண்ணு உண்டு. ஆனா நமக்கு இல்ல, நூலுக்கு."

காற்று காய்ந்து போனால் நூல் அறும். அதனால் காற்றில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ளவே மில்லில் தனி பிளான்ட் ஓடும். அந்த ஈரத்தில் நிற்கிற ஆளுக்கு வேர்வை காயாது. நூலுக்கு என்ன வேண்டும் என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். ஆளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

வளர்ந்து சம்பாதித்த பிறகு நானும் அப்பாவுக்கு அதையேதான் செய்திருக்கிறேன் என்று புரிய ரொம்ப நாளாயிற்று.

2017-ல் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டினோம். ஓட்டு வீடு எப்படிக் குளுகுளுவென்று இருந்தது என்று உருகி எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஐப்பசி மழையில் அண்டா, குண்டா, தூக்குவாளி எல்லாம் பரப்பி ஒழுகலைப் பிடித்தது நான் இல்லை, அம்மா. "இடிச்சிருவோம்" என்று முதலில் சொன்னதே அப்பாதான். எனவே தப்பு கான்கிரீட்டில் இல்லை. பணம் கையைக் கடித்தபோது, மொட்டைமாடியில் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிக்கிற வேலையை "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று கொத்தனாரிடம் சொன்னவன் நான். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை.

முதல் கோடையிலேயே அப்பா சாயங்காலம் ஐந்து மணிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து மாடியில் ஊற்ற ஆரம்பித்தார். அம்மா போனில் சொன்னாள். நான் சென்னையில் இருந்தபடியே ஆன்லைனில் ஒரு ஏசி வாங்கி அனுப்பினேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். நான் ஊருக்குப் போகிற நாட்களில் மட்டும் அது ஓடும். கேட்டால், "ஐநூறு யூனிட்டைத் தாண்டுனா ரேட்டே வேறய்யா" என்பார்.

வேடிக்கை என்னவென்றால், என் வேலையே ஏசிதான். பெரிய அலுவலகக் கட்டடங்களின் குளிரூட்டலைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் எழுதுகிறோம். அதற்காகப் படிக்கப்போய்த்தான் 'சௌகரியமான வெப்பநிலை' என்கிற எண்ணுக்கும் ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபேங்கர் 1970-ல் அதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் மூடிய ஆய்வறைகளில் உட்கார்ந்த கல்லூரி மாணவர்கள் சொன்ன பதில்கள்தான் அதற்கு அடிப்படை. அந்த வழியில் வந்த தர நிர்ணயங்களை வைத்துத்தான் வெகுகாலம் உலகத்தின் பாதி அலுவலகங்கள் குளிர்ந்தன.

இதை நம் ஊரில் சோதித்துப் பார்த்தவர்கள் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டுச் சேர்ந்தார்கள். சென்னை, பெங்களூர், அகமதாபாத், டெல்லி, சிம்லா என்று ஐந்து ஊர்கள், 16 கட்டடங்கள், மூன்று பருவங்கள், 6,330 பதில்கள். வேலை செய்துகொண்டிருப்பவரிடம் போய், "இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்கள். பதில் ஏழு படிகளில்: மிகக் குளிர் என்றால் மைனஸ் மூன்று, இரண்டும் இல்லை என்றால் பூஜ்யம், மிகுந்த சூடு என்றால் பிளஸ் மூன்று. கூடவே அந்த இடத்தின் வெப்பம், ஈரம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் அளந்தார்கள்.

2016-ல் வெளிவந்த முடிவு எனக்குப் பிடித்துப்போனது. உடம்பு போன மாதத்து வெயிலை ஞாபகம் வைத்திருக்கிறது. கடந்த முப்பது நாள் வெளியே எவ்வளவு சூடோ, அதற்கேற்ப நம் சௌகரியமும் நகர்கிறது. ஜன்னல் திறந்த கட்டடங்களில் அது 19.6 டிகிரியிலிருந்து 28.5 வரைக்கும் போகிறது. அதாவது கோடையில் எல்லாரையும் 22-ல் உறைய வைக்கத் தேவையில்லை. அந்த ஆய்வு தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் இடம்பிடித்தது.

அலுவலகத்தில் இதைப் பற்றி ஸ்லைடு போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இந்தக் கேள்வியை அப்பாவிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஏசி வேண்டுமா என்று கேட்டிருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை.

அந்தச் சித்திரையில் ஊருக்குப் போனேன். ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து ஏழு படிகளையும் அப்பாவுக்கு விளக்கினேன். "மார்க் மாதிரியா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பகல்ல ஒண்ணு போடலாம். இப்பத்தான் மூணு" என்றார்.

ராத்திரியிலா மூணு? மேலே கையைத் தூக்கிக் காட்டினார். "சூடு கீழ இல்ல. மேல உக்காந்திருக்கு."

சரியாகத்தான் சொன்னார். பகல் முழுக்க வாங்கிய வெயிலைக் கான்கிரீட் உடனே கொடுத்துவிடாது. மெதுவாக உள்ளே இறக்கி, நாம் படுக்கிற நேரத்தில் அனலாக விடும். ஃபேன் போட்டால் அந்த அனலைத்தான் சுற்றிவிடும். கட்டில்மேல் ஏறி ஸ்டூல் போட்டுக் கூரையின் அடிப்பக்கத்தில் தெர்மாமீட்டரை ஒட்டினேன். 38 காட்டியது. மணி பத்தரை.

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும் ஹைதராபாத் ஐஐஐடியும் சேர்ந்து செய்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஹைதராபாத்தில் கட்டடங்களின் கூரை நிறத்தை மாற்றி மின்சாரத்தை அளந்தார்கள். வெறும் கான்கிரீட் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால், ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு 13, 14 யூனிட் மிச்சமாகும் என்று கணக்கிட்டார்கள். குளிரூட்டும் செலவில் 10 முதல் 19 சதவீதம். அவை ஏசி ஓடுகிற கட்டடங்கள். ஏசியே போடாத அப்பாவுக்கு யூனிட் கணக்கில் மிச்சமாக ஒன்றுமில்லை. ஆனால் திருப்பி அனுப்பப்பட்ட வெயில் அவர் தலைக்குமேல் வந்து உட்காராது.

மறுநாள் விடியற்காலையில் இரண்டு பேரும் மாடியைக் கூட்டிக் கழுவினோம். காய்ந்ததும் சுண்ணாம்பில் வெள்ளை சிமென்ட்டும் ஃபெவிகாலும் கலந்து இரண்டு கோட் அடித்தோம். தூரத்தில் ஆண்டாள் கோயில் கோபுரம். அதற்கப்பால் மலை. அப்பா பிரஷ்ஷைப் பிடித்தபடி, "இத நீ எட்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். கோபம் இல்லை. அதுதான் வலித்தது.

அடுத்த வாரம் அதே நேரத்தில் அப்பா அளந்து சொன்னது 34. ஒரு வீடு, ஒரு தெர்மாமீட்டர். இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். மழையில் சுண்ணாம்பு கரையும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். தட்டோடு பதிக்கக் கொத்தனாரிடம் இப்போது மறுபடி பேசியிருக்கிறேன். அக்கினி நட்சத்திரத்தில் ஏசி போட வேண்டிய ராத்திரிகளும் உண்டு. போடுகிறார். வாளி மட்டும் மாடிக்குப் போவதில்லை.

இப்போதெல்லாம் போனை எடுத்ததும் மார்க்தான் சொல்கிறார். நேற்று மத்தியானம் அலுவலகத்தில் இருந்தபோது கூப்பிட்டார்.

"இங்க ஒண்ணு. உனக்கு அங்க எத்தனை?"

வெளியே ஓஎம்ஆரில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் ஜெர்கின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னேன், "மைனஸ் ரெண்டுப்பா."